ஆய்வுகூடத்தில் ஒரு பொதுமகன்

நாயாற்றிலிருந்து செம்மலை, அளம்பில் வழியாக முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் காலை வண்டியில் ஒருநாள், மடியில் ஒரு காகிதக் கட்டுடன் நாம் அமர்ந்திருந்தோம். பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் எமக்குப் பழக்கமான முதிய கடற்றொழிலாளி. "என்ன மாஸ்டர், சோதினைப் பேப்பரோ?" என்று கேட்டார். பல்கலைக்கழகம் ஒன்றில் விலங்குகளைக் கொண்டு செய்யப்படும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஒழுக்கநெறிக் குழுவின் கூட்டத்துக்குச் செல்கின்றோம் என்றும், அக்குழுவிற் பொதுமக்கள் சார்பான உறுப்பினராக எம்மை அமர்த்தியுள்ளனர் என்றும் விளக்கினோம். அவர் சற்று நேரம் வெளியே களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "கரைவலைப் பாட்டுக்காக எத்தினை கந்தோர் ஏறி இறங்கினனாங்கள், மாஸ்டர். ஒருத்தரும் இருத்தி வைச்சுக் கேக்கேல்லை. எலிக்குக் கூட்டம் வைக்கினமோ?" என்றார்.

அக்கேள்வியிற் கேலி இருந்தது; ஆனால் கேலி மட்டும் இருக்கவில்லை. மனிதனுக்கே நீதி கிட்டாத மண்ணில் எலிக்கும் முயலுக்கும் நீதி தேடுவது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கு அல்லவா என்பதே அதன் உட்பொருள். இக்கேள்வியைப் புறக்கணித்துவிட்டு அந்த மேசையில் நிம்மதியாக அமர எம்மால் முடியவில்லை. அதற்கு விடை காண வேண்டுமாயின், விஞ்ஞானிகளின் மேசையிற் பொதுமகனுக்கென ஒரு நாற்காலி எவ்வாறு வந்தது, அதை வரவழைத்தவர் யாவர் என்னும் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அந்த வரலாறு நாம் எதிர்பார்த்ததினின்றும் வேறானது. அதன் முக்கியமான பக்கங்களிற் சிலவற்றை எழுதியவர்கள் தொழிலாளரும் பெண்களும் பழங்குடி மக்களுமே.

பழைய மணியும் பழைய பொய்யும்

உயிரிரக்கம் எமக்குப் பிறர் கற்பித்த பாடமன்று என்று கூறத் தமிழாசிரியருக்குச் சான்றுகள் பல உண்டு. வேள்விக்கெனக் கட்டி வைத்திருந்த பசுவை இரவோடிரவாக அவிழ்த்துச் சென்று, பிடிபட்டு, அடியுண்ட ஆபுத்திரனை மணிமேகலை காட்டுகிறது. உணவைத் தீண்டிய குற்றத்துக்காக அடித்து வீழ்த்தப்பட்ட நாயின் செவியிற் சீவகன் மந்திரம் ஓதியதைச் சீவகசிந்தாமணி பாடுகிறது. திருவள்ளுவர் கொல்லாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். கன்றை இழந்த பசு மணியை அசைத்து நீதி கேட்ட கதையைப் பெரியபுராணம் திருவாரூர்ச் சோழன்மேல் ஏற்றிக் கூறுகிறது. மகாவம்சமோ அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகிறது. தன் காவிய நாயகனின் எதிரியாகிய மன்னனைப் பற்றியே மகாவம்சம் இக்கதையைச் சொல்வது குறிப்பிடத்தக்கது.

எனினும், பழம்பெருமையோடு நின்றுவிடுவது எமது நோக்கமன்று. புறாவுக்காகத் தசை அரிந்த மன்னனைப் போற்றிய அதே சமூகம், மனிதரிற் பெரும்பகுதியினரைக் கோயில் வீதிக்கும் பொதுக் கிணற்றுக்கும் புறத்தே நிறுத்தியது. பசுவின் கண்ணீரைக் கண்டவர்கள் பள்ளரதும் பறையரதும் கண்ணீரைக் காணவில்லை. ஆகவே, இரக்கம் என்பது தனிமனித உள்ளத்தின் ஈரமாக மட்டும் இருக்குமாயின், அது தனக்கு விருப்பமான இடத்திற் சுரந்து, விருப்பமில்லாத இடத்தில் வற்றிவிடும். எல்லாளன் கதையில் நாம் கவனிக்க வேண்டியது மன்னனின் இரக்கத்தை அன்று, மணியைத்தான். குறை உடைய எவரும் அசைக்கக்கூடிய இடத்தில் அது கட்டப்பட்டிருந்தது. இரக்கம் ஓர் ஏற்பாடாக மாறியது என்பதே அக்கதையின் சிறப்பு.

ஏகாதிபத்தியத்தின் இரக்கம்

நவீன காலத்தில் விலங்குகளுக்கான சட்டத்தை முதலில் இயற்றிய நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. 1822ஆம் ஆண்டு மாடு முதலிய கால்நடைகளை வதைப்பதற்கு எதிரான சட்டம் அங்கு நிறைவேறியது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் காளையை நாய்களால் கடிக்கச் செய்யும் விளையாட்டையும் சேவற்சண்டையையும் தடைசெய்தது. இவை வரவேற்கத்தக்க சட்டங்களே. ஆயினும், தடை செய்யப்பட்டவை பெரும்பாலும் ஏழைகள் கூடிக் களித்த விளையாட்டுகள் என்பதை மறக்கலாகாது. குதிரையேறி, வேட்டைநாய்களை ஏவி, நரியைத் துரத்திக் கொன்ற நிலப்பிரபுக்களின் விளையாட்டு அதன்பின் ஏறத்தாழ 170 ஆண்டுகள் சட்டத்தின் நிழலிலேயே நடந்தது. 2004ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அதைத் தடைசெய்தது.

குடியேற்ற நாடுகளில் இந்த இரட்டை வேடம் இன்னும் வெளிப்படையாக இருந்தது. இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அரசாங்கம் தலைக்குச் சில சில்லிங் வீதம் வெகுமதி வழங்கியது. அன்றைய வட மாகாணம் வன்னியையும் உள்ளடக்கியது. எமது காடுகளின் யானைகள் அரசாங்கக் கணக்கேட்டிற் சில்லிங்குகளாக மாறிய காலம் அது. அதே காலத்தில் மலைநாட்டிற் பணிபுரிந்த மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகப் பெருமையோடு பேசப்பட்டார்.

அத்தகைய அரசாங்கமே 1907ஆம் ஆண்டு 13ஆம் இலக்க விலங்கு வதைத் தடைக் கட்டளைச் சட்டத்தை இலங்கையில் இயற்றியது. கழுத்துப் புண்ணோடு மாட்டை வண்டியிற் பூட்டிய வண்டிற்காரன் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தப்ப முடியாது. அது விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. அந்நாளில் அது வண்டிற்காரனின் குடும்பத்தைப் பல மாதம் பட்டினி போடப் போதுமான தொகை. ரூபாவின் பெறுமதி வீழ வீழ, அத்தொகை எவரையும் அச்சுறுத்தாத கேலிப்பொருளாயிற்று. இலங்கைச் சட்ட ஆணைக்குழு புதியதொரு விலங்கு நலச் சட்டவரைபை முன்வைத்தது 2006ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

கபில நாயும் பற்றர்சித் தொழிலாளரும்

இலங்கையில் அக்கட்டளைச் சட்டம் பிறந்த 1907ஆம் ஆண்டிலேயே, இலண்டன் வீதிகளில் ஒரு நாயின் பொருட்டுக் கலவரம் மூண்டது. இவ்வரலாறு எமது மாணவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

உயிருள்ள விலங்கைக் கீறி ஆராய்வதை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை 1876ஆம் ஆண்டு இங்கிலாந்து இயற்றியது. இத்துறையில் உலகின் முதற் சட்டம் அதுவே. ஆய்வு செய்வோர் அரசாங்கத்திடம் உரிமம் பெறல் வேண்டும். ஒரு முறை ஆய்வுக்குட்பட்ட விலங்கை மறுமுறை மற்றோர் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது. ஆனால், அரசாங்கப் பரிசோதகரைத் தவிர வேறெவரும் ஆய்வுகூடக் கதவைத் தட்ட முடியாது. உரிமம் பெற்றவர் உள்ளே, உலகம் வெளியே.

1903ஆம் ஆண்டு அக்கதவின் உள்ளே இரு பெண்கள் இருந்தனர். சுவீடனைச் சேர்ந்த லிஸி லிண்ட் அவ் ஹாகெபி, லீசா ஷார்ட்டோ ஆகிய இவ்விருவரும் மருத்துவ விரிவுரைகளுக்கு மாணவிகளாகச் சென்று, தாம் கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதினர். இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் வில்லியம் பெய்லிஸ் என்னும் பேராசிரியர், முன்னரே ஓர் ஆய்வுக்குட்பட்ட கபில நிற நாயொன்றை மாணவர் முன்னிலையில் மீண்டும் கீறினார் என்றும், அது உணர்வோடு துடித்தது என்றும் அவர்கள் எழுதினர். விலங்காய்வு எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீபன் கோல்றிட்ஜ் இதை மேடையிற் பகிரங்கமாகக் கூறினார். பெய்லிஸ் மானநட்ட வழக்குத் தொடுத்து வென்றார். நாய்க்கு உணர்வகற்றும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தது என்ற அவர் தரப்பை யூரிமார் ஏற்றனர். 2,000 பவுண் இழப்பீடும் கிடைத்தது.

பெய்லிஸ் சாதாரண மனிதரல்லர் என்பதையும் கூறுதல் வேண்டும். 1902ஆம் ஆண்டு அவரும் ஸ்ராலிங் என்பவரும் சேர்ந்து செக்கிரீற்றின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். ஓமோன் என்று இன்று நாம் பாடநூலிற் கற்பிக்கும் கருத்து அந்த ஆய்விலிருந்தே வளர்ந்தது. அறிவின் வளர்ச்சிக்கும் ஒரு நாயின் வேதனைக்கும் இடையிலான கணக்கு எளிதானதன்று. கேள்வி, அக்கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதே.

வழக்கு முடிந்தது, விவகாரம் முடியவில்லை. 1906 செப்டெம்பரில் இலண்டனின் பற்றர்சிப் பகுதியில் அந்நாய்க்கு ஒரு சிலை எழுந்தது. மனிதரும் விலங்குகளும் நீரருந்தத்தக்கதாக அதன் பீடம் அமைக்கப்பட்டிருந்தது. பற்றர்சி தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அதன் மாநகர மன்றம் முற்போக்காளர் கையில் இருந்தது. சிலையின் வாசகம் தம்மை இழிவுபடுத்துவதாகக் கருதிய மருத்துவ மாணவர் 1907 நவம்பரில் அதை உடைக்க முயன்றனர். டிசெம்பர் 10ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் மாணவர் நாயின் உருவங்களைக் கோலிற் கட்டி ஏந்தியவண்ணம் இலண்டன் வீதிகளில் ஊர்வலம் சென்று பொலிசாருடன் மோதினர். சிலையைக் காத்து நின்றவர்கள் யாவர்? பற்றர்சியின் தொழிலாளர், தொழிற்சங்கத்தினர், வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள்.

பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு எதிராக ஒரு தெருநாயின் பக்கம் தொழிலாளர் ஏன் நின்றனர்? இதற்கு விடை 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டத்தில் இருக்கிறது. ஏழை விடுதியில் இறந்து, உரிமை கோருவாரின்றிக் கிடக்கும் உடல்களை மருத்துவக் கல்லூரிகளின் கத்திக்குக் கொடுக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. உரிமை கோருவாரின்றி இறப்பவன் யார்? ஏழையே. தரும ஆஸ்பத்திரியின் இலவசக் கட்டிலிற் கிடந்த தொழிலாளி, தான் நோயாளியா, அன்றிப் பாடப் பொருளா என்று ஐயுற்றான். அந்த நாயின் நிலையில் அவன் தன் நிலையைக் கண்டான். அவன் நாய்க்காக மட்டும் போராடவில்லை. மேசையின்மேற் கிடத்தப்படுபவனைக் கேளாமல் முடிவெடுக்கும் அதிகாரத்துக்கு எதிராகப் போராடினான்.

1909இன் இறுதியில் நடந்த தேர்தலில் மன்றம் பழைமைவாதிகள் கைக்கு மாறியது. 1910 மார்ச் மாதம், விடியுமுன், 120 பொலிசாரின் காவலுடன் சிலை பெயர்த்தெடுக்கப்பட்டது. சில நாட்களின் பின் அதனை எதிர்த்து 3,000 பேர் திரபல்கர் சதுக்கத்திற் கூடினர். 1985ஆம் ஆண்டு பற்றர்சிப் பூங்காவில் வேறொரு சிலை வைக்கப்பட்டது.

குன்னூரின் ஆடுகள்

அதே 1907ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் நீலகிரியில், குன்னூரில், பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. விசர்நாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து செய்வதே அதன் முதற் பணி. பின்னர் 1911ஆம் ஆண்டளவிற் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறை இந்தியா எங்கும் பரவியது. ஆட்டின் மூளையில் நோய்க்கிருமியை வளர்த்து, அம்மூளையிலிருந்து மருந்தைச் செய்வது அம்முறை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று எமது பாட்டிமார் அச்சத்தோடு கூறியது அந்த மருந்தையே.

அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதில் ஐயமில்லை. ஆயினும், மூளையிழையம் கலந்திருந்தமையால் சிலருக்கு நரம்பு நோயையும் பக்கவாதத்தையும் அது தந்தது. பிற்காலத்தில், ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட உயிர்க்கலங்களிலிருந்து செய்யும் பாதுகாப்பான மருந்து வந்தது. அதன் பின்னரும் இந்தியாவில் நிகழ்ந்தது என்ன? பணமுள்ளவர் புதிய மருந்தை விலைகொடுத்து வாங்கினர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழைக்குப் பழைய ஆட்டுமூளை மருந்தே இலவசமாக ஏற்றப்பட்டது. 2004ஆம் ஆண்டின் இறுதியிலேயே அதன் உற்பத்தி அங்கு நிறுத்தப்பட்டது.

இச்சம்பவத்தை நாம் மாணவருக்கு அழுத்திக் கூறுவோம். ஆட்டின் வதையும் ஏழையின் ஆபத்தும் ஒரே மருந்துக் குப்பியில் அடைபட்டிருந்தன. ஒன்று நீங்கியபோது மற்றதும் நீங்கியது. விலங்கின் நலனும் வறியவரின் நலனும் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

நாற்காலி வந்த வழி

இந்தியாவில் விலங்கு வதைக்கெதிரான புதிய சட்டத்துக்காக மாநிலங்களவையிற் குரல் எழுப்பியவர் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணிதேவி அருண்டேல். 1953ஆம் ஆண்டு அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசாங்கமே சட்டம் இயற்றும் என்ற நேருவின் உறுதிமொழியை ஏற்று மீளப்பெற்றார். 1960ஆம் ஆண்டு அச்சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியம் சென்னையிலிருந்து இயங்கியது. அதன் முதற் தலைவர் அவரே. ஆனால் ஆய்வுகூடங்களுக்கான விரிவான விதிகள் வர 1998 ஆயிற்று. அவ்விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அமையும் ஒழுக்கநெறிக் குழுவில் விஞ்ஞானிகளும் விலங்கு மருத்துவரும் மட்டுமன்றி, விஞ்ஞானியல்லாத, சமூக உணர்வுள்ள ஓர் உறுப்பினரும் இருத்தல் வேண்டும். சமூக உணர்வு என்ற சொல் ஒரு நாட்டின் ஆய்வு விதிகளில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது.

ஏனைய நாடுகளிலும் இவ்விடம் படிப்படியாகவே கிடைத்தது. 1959ஆம் ஆண்டு ரசல், பேர்ச் என்னும் இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்குப் பதிலாக வேறு வழி உண்டாயின் அதனைக் கைக்கொள்ளல். தவிர்க்க இயலாவிடின் எண்ணிக்கையைக் குறைத்தல். பயன்படுத்தும் விலங்கின் வேதனையைத் தணித்தல். இன்று உலகெங்கும் இக்குழுக்களின் அரிச்சுவடி இதுவே. 1979ஆம் ஆண்டு சுவீடன் இத்தகைய குழுக்களிற் பொதுமக்களை அமர்த்தியது. 1985ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், நிறுவனத்தோடு தொடர்பற்ற ஒருவரேனும் குழுவில் இருத்தல் வேண்டும் என விதித்தது. அவுஸ்திரேலிய விதிக்கோவை, விலங்கு நலத்தில் ஈடுபாடுடையோரும் ஆய்வோடு என்றுமே தொடர்பற்ற பொதுமக்களும் சேர்ந்து குழுவின் மூன்றிலொரு பங்கேனும் ஆதல் வேண்டும் என்கிறது. நியூசிலாந்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றமே ஒருவரை நியமிக்கிறது. கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை தன் மக்களுள் ஒருவரைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வைப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அதன் பொருள் விளங்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க விலங்கு நலச் சட்டம், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆய்வுக்கென வளர்க்கப்படும் எலி, சுண்டெலி, பறவை ஆகியவற்றை 'விலங்கு' என்ற சொல்லின் வரைவிலக்கணத்திலிருந்தே நீக்கியிருக்கிறது. ஆய்வுகூடங்களில் மிகப் பெருந்தொகையாக இறப்பவை அவையே. எண்ணிக்கையிற் பெரும்பான்மையாக உள்ளோரைச் சொல்லின் பொருளை மாற்றியே இல்லாதவராக்கும் வித்தை அரசுகளுக்குப் புதியதன்று. வாக்குரிமைச் சட்டங்களும் குடியுரிமைச் சட்டங்களும் எம் நாட்டில் என்ன செய்தன என்பதை 1948இல் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களிடம் கேட்டால் அறியலாம்.

குதிரையும் வன்னி விவசாயியும்

விலங்குகளைக் கொண்டு எந்த ஆய்வுமே செய்யலாகாது என்று கூறுவோர் உளர். அவர்களின் உள்ளத் தூய்மையை மதிக்கிறோம். எனினும் வன்னியில் வாழ்ந்துகொண்டு அவ்வாறு கூற எமக்கு நா எழவில்லை.

2016ஆம் ஆண்டு வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் என்றும், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. கடிபடுபவர் யார்? வயலில் வெறுங்காலோடு வரம்பு கட்டுபவர்; விடியுமுன் வலைக்குச் செல்பவர்; மண் தரையிற் பாய் விரித்து உறங்குபவர். அவர்களைக் காக்கும் மருந்து குதிரையின் குருதியிலிருந்து வருகிறது. பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, மாதக்கணக்கில் அதன் உடலில் எதிர்ப்பொருள் உண்டாகச் செய்து, பின்னர் குருதியை எடுத்து அதிலிருந்து மருந்தைப் பிரிக்கின்றனர். 1890களில் பிரான்சைச் சேர்ந்த அல்பேர்ட் கல்மெற் காட்டிய வழியே இன்றும் அடிப்படை.

எமது ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. அதற்கான நஞ்சிற் பெரும்பகுதியைத் தருவோர் தமிழ்நாட்டின் இருளர் மக்கள். பாம்புத் தோல் வாணிகம் 1970களிற் சட்டத்தால் நின்றபோது பிழைப்பிழந்த அம்மக்கள், 1978ஆம் ஆண்டு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிற் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நான்கு முறை நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அவர்களின் முறை. கொன்று தோலுரித்த தொழில், கொல்லாமல் உயிர்காக்கும் தொழிலாயிற்று. இங்கேயும் ஒரு குறை உண்டு. இந்தியப் பாம்பின் நஞ்சும் இலங்கைப் பாம்பின் நஞ்சும் முற்றிலும் ஒன்றல்ல. எனவே எம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சுக்கேற்ற மருந்தை இங்கேயே உருவாக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. அதற்கும் விலங்கு தேவை.

குமுளமுனை வயலிற் கடிபட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, குதிரையைத் துன்புறுத்தாதே என்று நாம் கூறமாட்டோம். ஆனால், அக்குதிரைக்கு நிழலும் நீரும் ஓய்வும் உண்டா, அளவுக்கு மீறிக் குருதி எடுக்கிறார்களா, முதுமையில் அதனை என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் உரிமையும் கடமையும் எமக்கு உண்டு. கடன் பெற்றவன் கடன் கொடுத்தவரின் நலத்தை விசாரிப்பது இரக்கமன்று; நேர்மை.

மேசையில் நாம் கண்டவை

இனி எம் அனுபவம். முதற் கூட்டத்துக்கு வந்த கோப்பு அறுபது பக்கம், முழுவதும் ஆங்கிலம். பல்கலைக்கழகத்திற் படித்த எமக்கே அகராதி தேவைப்பட்டது. மூலிகைச் சாறு ஒன்று நீரிழிவைத் தணிக்குமா என்பது ஆய்வு. 48 எலிகள் வேண்டும் என்பது விண்ணப்பம். ஏன் 48 என்று நாம் கேட்டோம். முன்னைய ஆய்வில் அவ்வாறே செய்தனர் என்பது விடை. புள்ளிவிபரம் அறிந்த உறுப்பினர் ஒருவர் கணக்கிட்டுப் பார்த்து, 36 போதும் என்றார். எமக்குப் புள்ளிவிபரம் தெரியாது. ஆயினும் 'ஏன்' என்ற ஒரு சொல் தெரிந்திருந்தது. அதனாற் பன்னிரண்டு உயிர் மிஞ்சின.

இரவில் அவற்றை யார் பார்ப்பர் என்று அடுத்துக் கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். கூடு கழுவித் தீனி வைக்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்றும், எலி நோயுற்றால் முதலில் அறிபவர் அவரே என்றும் விலங்கு மருத்துவர் கூறினார். அவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாமே என்றோம். "நல்ல யோசனை, மாஸ்டர்" என்றார்கள். கூட்டக் குறிப்பில் அது இடம்பெறவில்லை. அடுத்த கூட்டத்தில் மீண்டும் கூறினோம். இப்போது இடம்பெற்றிருக்கிறது, ஆனால் அவர் இன்னும் அழைக்கப்படவில்லை. விலங்குக்கு மிக அண்மையில் உள்ள மனிதன் முடிவெடுக்கும் மேசைக்கு மிகத் தொலைவில் இருக்கிறான். இதுவே வர்க்க சமுதாயத்தின் இலட்சணம்.

இன்னுமொன்றும் கண்டோம். இக்குழுக்கள் எல்லாம் இரக்கத்தினால் மட்டும் அமைந்தவை அல்ல. ஒழுக்கநெறி அனுமதி இல்லாத கட்டுரையைப் பிறநாட்டு ஆய்விதழ்கள் வெளியிட மறுக்கின்றன. அனுமதிக்குக் குழு வேண்டும்; குழுவுக்குப் பொதுமகன் ஒருவன் வேண்டும். ஆகவே, பொதுமகனின் நாற்காலி சிலவேளை ஒரு முத்திரைக் கட்டையாகப் பயன்படும் அபாயம் உண்டு. தலையாட்டுபவன் அதில் அமர்ந்தால் அது மேசையின் அலங்காரம். கேள்வி கேட்பவன் அமர்ந்தால் அது எல்லாளனின் மணி.

முதியவருக்கு எமது விடை

பேருந்திற் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். எமது கரையோர ஊர்களிற் பல 1984ஆம் ஆண்டின் இறுதியில் வெறிச்சோடின. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. 2009இற் போர் முடிந்தபின் மீண்டுவந்த மக்களின் கொட்டில்களுக்குப் படிவங்களுடன் வந்தோர் பலர். எத்தனை பேர் இறந்தனர், இரவில் உறக்கம் வருகிறதா, எத்தனை நேரம் உண்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிச் சென்றனர். முடிவுகளைத் திரும்பிவந்து எம் மொழியில் எமக்குக் கூறியோர் மிகச் சிலர். ஆராயப்படுவது எத்தகையது என்பதை வன்னி மக்கள் நூலிற் கற்கவில்லை. பற்றர்சித் தொழிலாளிக்கு நாயின் நிலை விளங்கியது போல, எமக்கும் கூண்டின் உள்ளிருந்து நோக்கத் தெரியும்.

ஆகவே, அந்த முதியவரின் கேள்வியை நாம் இவ்வாறு திருப்பிக் கூறுவோம்: எலிக்குக் கூட்டம் வைப்பது தவறன்று; மனிதருக்கு வைக்காததே தவறு. எலியின் பொருட்டு ஒரு மேசையில் 'ஏன்' என்று கேட்கும் உரிமையைப் பெற்றுவிட்டோமாயின், பாட்டின் பொருட்டும் காணியின் பொருட்டும் மற்ற மேசைகளில் அதே சொல்லைக் கேட்கும் பழக்கம் வளரும். கேளாமல் முடிவெடுக்கும் அதிகாரம் ஒன்றே. அது தன் கையில் அகப்படுவது நாயா, ஆடா, ஏழையா என்று வேறுபாடு பார்ப்பதில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இது குறித்துச் செய்யக்கூடியவை உண்டு. ஆய்வு விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் எளிய சுருக்கம் இணைக்கப்பட வேண்டும் எனக் கோரலாம். மணி கட்டியிருந்தும் கயிறு எட்டாவிட்டால் என்ன பயன்? இன்று அந்தக் கயிறு மொழியே. குழுவிற் பொதுமக்கள் ஒருவராக அன்றி இருவர் மூவராக இருத்தல் வேண்டும். அவருள் ஒரு விவசாயியோ கடற்றொழிலாளியோ இடம்பெறல் வேண்டும். கூடு கழுவும் தொழிலாளியின் சொல் குறிப்பேட்டில் ஏறவேண்டும். எமது வகுப்பறைகளில், ஒரு தேரையைக் கீறுமுன், இது தேவைதானா என்று கேட்கும் மாணவனை அதிகப்பிரசங்கி என்று அடக்காதிருத்தல் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் நாளில் அந்த முதியவரும் அதே வண்டியில் ஏறினார். நாம் மேலே எழுதியவற்றைச் சுருக்கிக் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். அளம்பிலில் இறங்கும்போது, "அப்ப சரி, மாஸ்டர். அந்தக் கூடு கழுவிற பொடியனை உள்ளுக்கை கூப்பிட்ட பிறகு எனக்குச் சொல்லுங்கோ" என்றார். அவருக்குச் சொல்ல இன்னும் எம்மிடம் செய்தி இல்லை. இம்முறையும் அதனைக் கேட்போம்.